‘ஐயா காலத்துத் துப்பாக்கி’ பழம்பொருளா, குற்றமா? எகிப்து ரைஃபிளை வைத்து ஒரு விளக்கம்

யூடியூபில் பழைய துப்பாக்கி வீடியோ ஒன்றை முழுசாகப் பார்த்துவிட்டால் போதும். அடுத்த ஒரு வாரத்துக்கு போனைத் திறந்தாலே அதே மாதிரி வீடியோக்கள்தான் வந்து நிற்கும். அவற்றில் அடிக்கடி அடிபடும் மூன்று பெயர்கள்: ஹக்கீம், ரஷீத், மாடி. மூன்றுமே எகிப்தில் தயாரான செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள்கள். அமெரிக்காவில் இவற்றைத் தேடித் தேடி வாங்கிச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள்.

இதைப் பார்க்கும் நம்மூர்க்காரர்களுக்கு இரண்டு கேள்வி வருகிறது. ஒன்று, இதெல்லாம் இங்கே வாங்க முடியுமா? இரண்டாவது கேள்வி செட்டிநாட்டுப் பக்கம் கொஞ்சம் கூடுதலாகவே கேட்கும். ‘எங்க ஐயா காலத்துத் துப்பாக்கி ஒண்ணு பூட்டின அறையில கிடக்குது, அதுக்கும் இப்படி விலை இருக்குமா?’

முதல் கேள்விக்கு பதில் ஒரே வார்த்தை: முடியாது. இரண்டாவது கேள்விதான் சிக்கல். தப்பாகக் கையாண்டால் ஜெயில் வரைக்கும் போகும். அதற்கு முன்னால், அந்த எகிப்து துப்பாக்கிகளில் அப்படி என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம்.

எகிப்து ரைஃபிளுக்கு ஏன் இவ்வளவு மவுசு?

ஹக்கீம் உண்மையில் ஸ்வீடன் நாட்டு டிசைன். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது ஸ்வீடன் ராணுவத்துக்காக உருவான ‘யுங்மன்’ என்ற ரைஃபிள்தான் அதற்கு மூலம். போர் முடிந்த பிறகு, 1950-களின் தொடக்கத்தில், அதைச் செய்யும் இயந்திரங்களையே எகிப்து வாங்கிவிட்டது. ஆயுதத்துக்கு வெளிநாட்டை எதிர்பார்த்தே இருந்தால் ஆகாது என்ற எண்ணம் அப்போது கெய்ரோவில் வலுவாக இருந்தது. நகருக்குத் தெற்கே உள்ள மாடி பகுதியின் பெயரில் இயங்கிய ஆயுதத் தொழிற்சாலைதான் பின்னாளில் உலகம் முழுக்கத் தெரிந்த பெயரானது.

(ஸ்வீடன் சரக்கு காரைக்குடிக்கும் புதிதல்ல. முனீஸ்வரன் கோயில் தெரு பழம்பொருள் கடைகளில் இன்றும் கைமாறுகிற எனாமல் தூக்கு, அடுக்கு, தட்டுகளில் ஒரு பகுதி ஸ்வீடனில் செய்ததுதான். அங்கிருந்து நமக்கு வந்தது சோற்றுப் பாத்திரம், எகிப்துக்குப் போனது துப்பாக்கி மெஷின்.)

ஹக்கீம் சுமார் 70,000 வரை தயாரானதாகக் கணக்கு. ஏறக்குறைய 5 கிலோ எடை. 7.92 மி.மீ. மவுசர் தோட்டா, பத்து தோட்டா பிடிக்கும் மேகசின். தகடு வளைத்து ஒட்டிய வேலையாக இல்லாமல், இரும்பைக் கடைந்து செய்த கெட்டியான வேலை. எவ்வளவு வாயு அழுத்தம் உள்ளே போக வேண்டும் என்று திருகி வைத்துக்கொள்ள ஒரு குமிழும் உண்டு. தோட்டாவின் தரம் முன்னே பின்னே இருந்தாலும் சமாளிக்கத்தான் அந்த ஏற்பாடு. குறையும் இருக்கிறது. மேல்மூடியை முன்னே தள்ளிப் பின்னே இழுக்கும் அதன் அமைப்பு, கவனம் தப்பினால் கட்டைவிரலை நசுக்கிவிடும். சேகரிப்பாளர்கள் மத்தியில் இது ஒரு நிரந்தர ஜோக்.

ரஷீத் அதன் தம்பி. சோவியத் யூனியனின் சிறிய 7.62 மி.மீ. தோட்டாவுக்காகக் குறுக்கிச் செய்தது. சில ஆயிரங்கள்தான் தயாரானது. அதனாலேயே சேகரிப்பாளர்களிடம் அதற்கு மதிப்பு கூடுதல். தரத்தில் ஹக்கீமை விட உயர்ந்தது என்பதால் அல்ல, குறைவாக இருக்கிறது என்பதால். தரமும் சேகரிப்பு மதிப்பும் ஒன்றல்ல. இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மூன்றாவது, ஏ.கே. வகை. சோவியத் உதவியோடு, அவர்கள் கொடுத்த இயந்திரங்களிலேயே எகிப்து ஏ.கே.எம். தயாரிக்கத் தொடங்கியது. அதன் செமி ஆட்டோமேட்டிக் வடிவத்தை 1980-களின் தொடக்கத்தில் ஆஸ்திரியாவின் ஸ்டெயர் நிறுவனம் அமெரிக்காவுக்குக் கொண்டுபோனது. அமெரிக்கர்கள் கடையில் காசு கொடுத்து வாங்க முடிந்த முதல் ஏ.கே.க்களில் ஒன்று அது. அப்போது பனிப்போர் காலம். அசல் ரஷ்ய ஏ.கே. கையில் கிடைக்க வழியே இல்லை. அதனால் 1984-ல் வந்த ‘ரெட் டான்’ என்ற ஹாலிவுட் படத்தில் ரஷ்யத் துப்பாக்கியாக நடித்தது கூட எகிப்து மாடிதான்!

1989-ல் அதிபர் ஜார்ஜ் புஷ் (அப்பா) அரசு இந்த வகை ரைஃபிள்களின் இறக்குமதிக்குத் தடை போட்டது. 1990-களில் பின்கட்டையை மாற்றி, கட்டைவிரல் நுழையும் ஓட்டை வைத்து, தடைக்குத் தப்பிக்கிற வடிவத்தில் மறுபடி வந்தது. அந்த இரண்டாவது அலைச் சரக்குக்கு ஃபினிஷிங் சரியில்லை, குறிமுள் சாய்ந்திருக்கிறது என்று அப்போதே புகார். இன்று ஏலத்தில் ஸ்டெயர் முத்திரையோடு இருப்பது ஒரு விலை, பின்னால் வந்தது வேறு விலை. தொழிற்சாலை ஒன்றுதான், நாடும் ஒன்றுதான். வந்த வருஷமும் இறக்குமதி முத்திரையும்தான் வித்தியாசம்.

பழம்பொருள் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் எதுவும் இருக்காது. பாகங்களில் உள்ள எண்கள் எல்லாம் பொருந்துகிறதா, கட்டை அசலா மாற்றியதா, யாராவது பாலிஷ் போட்டுக் கெடுத்துவிட்டார்களா, முத்திரை தேயாமல் இருக்கிறதா என்று அங்கே பார்க்கிறார்கள். பர்மா தேக்குப் பெட்டகத்தையும் ரவிவர்மா படத்தையும் புரட்டிப் பார்க்கும் காரைக்குடி வியாபாரியும் இதையேதான் பார்க்கிறார். அமெரிக்கச் சட்டத்தில் 50 வருஷம் தாண்டிய துப்பாக்கிகளைச் சேகரிக்க தனி உரிமமே இருக்கிறது. 1950-களின் ஹக்கீம் அதற்குள் தாராளமாக வந்துவிடும்.

அந்தக் கண்ணோடு இந்தியாவில் துப்பாக்கியைப் பார்த்தால்தான் வில்லங்கம்.

இங்கே கணக்கு தலைகீழ்

இந்தியாவில் 1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டமும், 2016-ம் ஆண்டின் ஆயுத விதிகளும்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றன. விதிகளின் முதல் அட்டவணையில் துப்பாக்கிகள் வகை பிரிக்கப்பட்டிருக்கின்றன. செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள் அதில் முதல் வகை, அதாவது தடை செய்யப்பட்ட ஆயுதம். .303, 7.62 மி.மீ. ராணுவத் தோட்டா போட்டுச் சுடக்கூடிய ரைஃபிள்களும் அதே வகைதான். ஹக்கீம், ரஷீத், மாடி மூன்றும் அதற்குள் அடங்கிவிடும். சாதாரண லைசென்ஸில் வராது. கலெக்டர் நினைத்தாலும் கொடுக்க முடியாது, மத்திய அரசின் தனி அனுமதி வேண்டும்.

அனுமதி இல்லாமல் வைத்திருந்தால்? 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்சம் 7 வருஷம், அதிகபட்சம் 14 வருஷம் சிறை. சுட்டிருக்க வேண்டும் என்றில்லை, வைத்திருந்தாலே போதும். நடிகர் சஞ்சய் தத் வழக்கு ஞாபகம் இருக்கலாம். ஏ.கே-56 வைத்திருந்த விவகாரத்தில் 2013-ல் உச்ச நீதிமன்றம் அவருக்கு உறுதி செய்த தண்டனை 5 வருஷம். அப்போது குறைந்தபட்ச தண்டனையே 5 வருஷம்தான். இன்றைக்கு அது 7.

சரி, வெளிநாட்டில் இருந்து முறையாகக் கொண்டுவந்தால்? அதற்கும் கதவு கிட்டத்தட்ட மூடித்தான் இருக்கிறது. தனிநபர் துப்பாக்கி இறக்குமதியை 1980-களின் நடுவிலேயே மத்திய அரசு நிறுத்திவிட்டது. துப்பாக்கி சுடும் விளையாட்டு வீரர்களுக்குத் தனி ஏற்பாடு இருக்கிறது. வெளிநாட்டு வாழ்க்கையை முடித்துக்கொண்டு நிரந்தரமாக ஊர் திரும்புபவர்களுக்கு, அங்கே சொந்தமாக வைத்திருந்த ஒரு துப்பாக்கிக்கு நிபந்தனைகளோடு சலுகை உண்டு. ஆனால் அது அனுமதிக்கப்பட்ட வகையாக இருக்க வேண்டும், பிறகு விற்கவும் முடியாது. செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிளுக்கு அதில் இடமே இல்லை.

‘ஓடாத பழைய துப்பாக்கிதானே, ஷோகேஸ்ல வைக்கத்தானே’ என்பதுதான் எல்லோரும் சொல்லும் அடுத்த வாதம். சட்டத்தின் 45-வது பிரிவில் இதற்கு ஒரு விலக்கு இருப்பது உண்மை. வழக்கொழிந்த மாதிரி, பழம்பொருள் மதிப்புள்ளது, பழுதானது ஆகியவற்றுக்குச் சட்டம் பொருந்தாது என்று அது சொல்கிறது. பலர் இதுவரைக்கும்தான் படிக்கிறார்கள். வரி அதோடு முடியவில்லை. ரிப்பேர் செய்தாலும் செய்யாவிட்டாலும் துப்பாக்கியாகப் பயன்படுத்த முடியாத நிலையில் அது இருக்க வேண்டும் என்று நிபந்தனை தொடர்கிறது.

துரு ஏறியிருக்கிறது, விசை இறுகியிருக்கிறது, ஸ்பிரிங் இல்லை என்பதெல்லாம் இந்த நிபந்தனைக்கு முன் நிற்காது. லேத் பட்டறையில் ஒரு நாள் வேலை பார்த்தால் சுடும் என்றால், சட்டத்தின் கண்ணில் அது இன்றைக்கும் துப்பாக்கிதான். அதை முடிவு செய்வது வைத்திருப்பவரோ, வாங்குபவரோ அல்ல. போலீஸ் தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அனுப்பி அறிக்கை வாங்கும். அந்த அறிக்கையில் இருப்பதுதான் வழக்கு.

இதனால் என்ன ஆகிறது? அமெரிக்கச் சேகரிப்பாளர் எதற்கெல்லாம் மதிப்புக் கூட்டுகிறாரோ, அதாவது அசல் பாகம், எண் பொருத்தம், நல்ல நிலை, இழுத்தால் சுடும் என்பதற்கெல்லாம், இங்கே வைத்திருப்பவரின் ஆபத்துதான் கூடுகிறது. இங்கே நிம்மதியாக வைத்திருக்கக்கூடியது செத்துப்போன துப்பாக்கி மட்டும்தான். அதற்குச் சேகரிப்பு மதிப்பு பெரிதாக இருக்காது.

2020 பிப்ரவரியில் மத்திய உள்துறை ஒரு தளர்வு கொண்டுவந்தது. ‘கியூரியோ’ என்ற வரையறைக்குள் வரும் அபூர்வமான சிறுரகத் துப்பாக்கிகளை இந்தியக் குடிமக்கள் வைத்துக்கொள்ள லைசென்ஸ் தேவையில்லை என்றது. சமூக வலைதளங்களில் இது ‘பழைய துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டாம்’ என்று சுருங்கிப் பரவியது. அவ்வளவு எளிதல்ல. சுடுவதற்கும், வெளியே எடுத்துப்போவதற்கும், ஓர் ஊரில் இருந்து இன்னோர் ஊருக்குக் கொண்டுபோவதற்கும் லைசென்ஸ் வேண்டும் என்று அதே அறிவிப்பு சொல்கிறது. தோட்டாவும் கிடைக்காது. உங்கள் கையில் இருப்பது அந்த வரையறைக்குள் வருகிறதா என்பதை கலெக்டர் அலுவலகத்தில் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்வதுதான் பத்திரம். கடைக்காரர் சொன்னார், வீடியோவில் சொன்னார்கள் என்பது கோர்ட்டில் எடுபடாது.

செட்டிநாட்டு வீடுகளுக்கு இதில் என்ன?

எகிப்து ரைஃபிள் காரைக்குடிக்கு வரப்போவதில்லை. ஆனால் ஆங்கிலேயர் காலத்து இரட்டைக்குழல் துப்பாக்கி ஏற்கெனவே இங்கே இருக்கக்கூடும். பர்மா, மலேயா, இலங்கை, சைகோன் என்று கொண்டுவிற்கப் போன குடும்பங்கள். வீட்டில் நகை, ரொக்கம், வெள்ளிச் சாமான். ஆண்கள் வருஷக் கணக்கில் கடல் தாண்டி இருந்தார்கள். காவலுக்கு லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருந்த வசதியான வீடுகள் உண்டு. இங்கிலாந்தில் இருந்து இறக்குமதியான 12 போர் துப்பாக்கிகளைச் சென்னையிலேயே வாங்க முடிந்த காலம் அது. 1972-ல் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் வந்து வேட்டையும் முடிந்துபோனது. அதன்பிறகு அவை அறைக்குள் போய்ப் பூட்டப்பட்டன.

இப்போது அந்த வீடுகளின் நிலைமை தெரிந்ததுதான். ஒரு வீட்டுக்கு பத்து, இருபது புள்ளி பங்காளிகள். ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் நியூஜெர்சியில். கல்யாணத்துக்கோ படைப்புக்கோ கூடும்போதுதான் வளவு அறைகள் திறக்கின்றன. சில வீடுகள் ஹோட்டலாகின்றன, சில வீடுகள் இடிபட்டு கதவு, தூண், நிலை எல்லாம் பழம்பொருள் கடைக்குப் போகின்றன. இந்த மாதிரி ஒரு நாளில்தான் துணிக்குள் சுற்றிய துப்பாக்கி வெளியே வரும். லைசென்ஸ் புத்தகம் யாரிடம் என்று யாருக்கும் தெரியாது. லைசென்ஸ் வாங்கிய ஐயா இறந்து நாற்பது வருஷம் ஆகியிருக்கும்.

சட்டப்படி யார் பொறுப்பு? ஆயுதத்தை ‘வைத்திருத்தல்’ என்றால் தெரிந்தே வைத்திருத்தல் என்று 1972-ல் குன்வந்த்லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது. பூட்டிய அறைக்குள் இருப்பது தெரியாத பங்காளி மீது குற்றம் சொல்வது கடினம். ஆனால் கதவைத் திறந்து, துணியைப் பிரித்து, போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டால், ‘தெரியாது’ என்று அதன்பிறகு சொல்ல முடியாது. லைசென்ஸ் இல்லாத சாதாரண துப்பாக்கிக்கே இப்போது 2 முதல் 5 வருஷம் வரை தண்டனை இருக்கிறது.

இன்னொரு மாற்றமும் பலருக்குத் தெரியாது. முன்பு ஒருவர் மூன்று துப்பாக்கி வரை வைத்திருக்கலாம். 2019 டிசம்பரில் அது இரண்டாகக் குறைந்தது. மசோதாவில் ஒன்று என்றுதான் இருந்தது, எதிர்ப்புக்குப் பிறகு இரண்டானது. பரம்பரையாக வந்தது என்றாலும் இரண்டுக்கு மேல் கூடாது. பரம்பரைத் துப்பாக்கிக்கு வரம்பே இருக்கக் கூடாது என்று ராஜஸ்தான் பக்கத்து அரச குடும்பங்கள் கேட்டதில் உணர்வு ரீதியாக நியாயம் இருக்கலாம். ஆனால் உரிமையாளர் யாரென்றே தெரியாத துப்பாக்கிகள் ஊருக்கு ஊர் பூட்டிய அறைகளில் கிடப்பதை எந்த அரசும் விட்டுவைக்காது, விட்டுவைக்கவும் கூடாது.

கண்ணில் பட்டால் என்ன செய்வது?

முதலில், தொடாதீர்கள். விசையை இழுத்துப் பார்ப்பது, குழலுக்குள் கண்ணை வைப்பது, எண்ணெய் போட்டுத் துடைப்பது, குழந்தைகள் கையில் கொடுத்து செல்ஃபி எடுப்பது எதுவும் வேண்டாம். உள்ளே தோட்டா இருக்கிறதா என்பது வெளியில் இருந்து தெரியாது. தகர டப்பாவில் பழைய அட்டைத் தோட்டாக்கள் கிடந்தால் அதையும் கிளற வேண்டாம். வருஷம் ஆனதால் செத்துப்போயிருக்கும் என்று நினைப்பதுதான் விபத்துக்குக் காரணம்.

அறையைப் பூட்டிவிட்டு, உங்கள் பகுதி காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள். நல்லெண்ணத்தோடு காரில் எடுத்துப் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போகாதீர்கள். லைசென்ஸ் இல்லாமல் கொண்டுபோவதே தனிப் பிரச்னை. வழியில் சோதனைச் சாவடியில் மாட்டினால் விளக்கம் சொல்லி மாளாது. அவர்களே வந்து எடுத்துக்கொள்ளட்டும். ஒரு வக்கீலிடம் பேசி, எழுத்தில் தகவல் கொடுத்து, ஒப்படைத்ததற்கு ரசீது வாங்கிக்கொள்வது அவசியம். லைசென்ஸ் முடிந்தோ, லைசென்ஸ்தாரர் இறந்தோ போனால் தேவையில்லாத தாமதம் இன்றி காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும் என்று சட்டத்தின் 21-வது பிரிவே சொல்கிறது.

ஒப்படைத்தால் போய்விடுமா என்றால், அப்படியும் இல்லை. 2016 விதிகளின் 25-வது விதிப்படி, லைசென்ஸ்தாரர் இறந்த பிறகு சட்டப்படியான வாரிசு ஒருவர் தன் பெயரில் லைசென்ஸ் கேட்டு விண்ணப்பிக்கலாம். உயிரோடு இருப்பவர் 70 வயதை எட்டினாலோ, 25 வருஷம் வைத்திருந்தாலோ தன் வாரிசுக்கு மாற்றிக் கொடுக்கலாம். சிவகங்கை மாவட்டத்தில் இதற்கு அதிகாரி கலெக்டர்தான். போலீஸ் விசாரணை நடக்கும். மற்ற வாரிசுகளின் சம்மதமும் கேட்கப்படும். இருபது புள்ளி இருக்கும் வீட்டில் அந்தக் கையெழுத்துகளை வாங்குவதுதான் எல்லாவற்றையும் விடக் கஷ்டமான வேலை என்று நினைக்கிறேன். கிடைத்த பிறகும் பாடு முடியாது. ஒவ்வொரு தேர்தலுக்கும் போலீஸ் கேட்டால் ஒப்படைத்துத் திரும்ப வாங்க வேண்டும், ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

பழம்பொருள் கடைக்கு விற்பது பற்றி யோசிக்கவே வேண்டாம். துப்பாக்கி வாங்க, விற்க தனி வியாபார லைசென்ஸ் வேண்டும். எனாமல் தூக்கு விற்கிற கடைக்கு அது இருக்காது. இருபுறமும் குற்றம்.

அப்போ எதைத்தான் சேகரிப்பது?

ஆயுத வரலாற்றில் ஆர்வம் உள்ளவருக்கு சிவகங்கைச் சீமையை விட வேறு இடம் வேண்டாம். இந்த மண்ணின் சொந்த ஆயுதம் வளரி. சின்ன மருது தனக்கு வளரி எறியக் கற்றுக்கொடுத்ததாக எழுதிவைத்தவர், அவரை எதிர்த்துப் போரிட்ட கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ். 1801 அக்டோபர் 24-ல் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். பாளையக்காரர்களின் ஆயுதங்களைக் கம்பெனி பறித்தது அதைத் தொடர்ந்துதான். ஆயுதம் வைத்திருக்க லைசென்ஸ் என்ற ஏற்பாடு நாடு முழுக்க இறுகியது 1878 சட்டத்தில். வளரிக்குத் துப்பாக்கிச் சட்டம் இல்லை. ஆனால் 100 வருஷம் தாண்டிய அசல் வளரியோ வாளோ கையில் இருந்தால், அது 1972-ம் ஆண்டு தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். வெளிநாட்டுக்கு அனுப்பவோ, விருந்தினருக்குக் கொடுத்துவிடவோ கூடாது. பார்க்க மட்டும் ஆசை என்றால் சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் ஆயுதப் பிரிவுக்குப் போகலாம்.

ஹக்கீம்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு ஒரு தகவல். எகிப்து வீரர்களின் பயிற்சிக்காக ஜெர்மனியின் ஆன்ஷுட்ஸ் நிறுவனம் 1950-களில் ஹக்கீம் வடிவத்திலேயே காற்றுத் துப்பாக்கி செய்து கொடுத்தது. வெளிநாட்டில் அதற்கென்றே தனி ரசிகர்கள் இருக்கிறார்கள். இந்தியாவில் 4.5 மி.மீ. குழலும், 20 ஜூலைத் தாண்டாத ஆற்றலும் உள்ள காற்றுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் தேவையில்லை. ஆன்ஷுட்ஸ் செய்த ஹக்கீமின் குழல் அதைவிடப் பெரியது, 5.5 மி.மீ. அங்கேயும் அந்த ஒரு மில்லிமீட்டர் இடிக்கிறது.

ஏ.கே. வகை துப்பாக்கி செய்வதைப் பற்றிப் பேச எகிப்து வரை போகவும் வேண்டாம். காரைக்குடியில் இருந்து சுமார் 90 கிலோமீட்டரில், திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையில், அதே 7.62 மி.மீ. தோட்டாவுக்கு ‘திருச்சி அசால்ட் ரைஃபிள்’ தயாராகிறது. அது போலீஸுக்கும் பாதுகாப்புப் படைகளுக்கும் மட்டும்தான் போகிறது.